புது கேம்ப்ளே அம்சத்தைப் பொது டெஸ்டுக்கு விடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலம் பக்கம் கேம் செய்கிற சின்ன டீம்கள், காலேஜ் முடித்துவிட்டு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஆரம்பித்தவர்கள், பெரும்பாலும் ஒரே நிலைமையில்தான் வந்து நிற்கிறார்கள். பீட்டா (சோதனைப் பதிப்பு) விட்டாயிற்று, கமெண்ட் குவிந்துவிட்டது, பாதிப் பேர் சூப்பர் என்கிறார்கள், மீதிப் பேர் இதைத் தூக்கிவிடுங்கள் என்கிறார்கள், இப்போது என்ன செய்வது? அந்தக் கட்டத்தில் யாராலும் பெரிதாக உதவ முடியாது, ஏனென்றால் கோளாறு டெஸ்டைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. வரிசையை மாற்றாதீர்கள்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு அம்சத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் செய்யும் லாரி கேமில் ஏற்காடு சாலை மாதிரி 20 கொண்டை ஊசி வளைவுள்ள ஒரு மலைப்பாதை உண்டு. அதில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும், கியரைக் குறைத்து எஞ்சின் இழுவையில்தான் இறங்க வேண்டும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று எந்த லாரி டிரைவரும் சொல்வார். ஆனால் போனில் விளையாடுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதுதான் அந்தப் புது அம்சம்.

1. கேள்வியை எழுதுங்கள், முடிவையும் சேர்த்து எழுதுங்கள்

"பிரேக் சூடாவது பிளேயருக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எந்தப் பதில் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. "யாரும் சொல்லித் தராமல், மூன்றாவது முறை இறங்குவதற்குள் பிளேயர் கியரைக் குறைக்கக் கற்றுக்கொள்கிறாரா?" என்று கேட்டால் எண்ணிப் பார்க்கலாம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக, ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும்.

அதற்குக் கீழே, எந்தப் பதிலுக்கு என்ன செய்வோம் என்பதையும் இப்போதே எழுதுங்கள். பத்தில் ஏழு பேர் கற்றுக்கொண்டால் அம்சம் இருக்கும். நான்கிலிருந்து ஆறு என்றால் கற்றுத்தரும் விதத்தை மாற்றி மறுபடி டெஸ்ட். அதற்கும் கீழே போனால் எடுத்துவிடுவோம். எண்கள் உங்கள் கேமுக்குத் தகுந்தபடி மாறும், ஆனால் டீமில் எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்ணாக இருக்க வேண்டும். ராப்பகலாக உழைத்த ஒன்றை எடுத்துவிட யாருக்குத்தான் மனசு வரும்? ரிசல்ட் கையில் வந்த பிறகு உட்கார்ந்து எல்லையைத் தீர்மானித்தால், வந்த எண் எதுவோ அதற்குச் சற்றுக் கீழே கோட்டைப் போட்டுக்கொள்வோம்.

ஒரு டெஸ்டுக்கு ஒரு அம்சம். புதிதாக வருபவர்கள் புது பிரேக், புது லாரி, புது மெனு எல்லாவற்றையும் ஒரே பில்டில் (கேமின் ஒரு பதிப்பில்) அடைத்து அனுப்புகிறார்கள். அப்புறம் ஆட்கள் குறைந்தால் எதனால் குறைந்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2. பொதுவில் விடுவதற்கு முன் ஐந்தாறு பேரைக் கண்ணெதிரே விளையாட வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஒரு பிளேயர் ஒரு புது அம்சத்தை முதல் தடவை பார்ப்பது ஒரே ஒரு முறைதான். நாலு பேர் பார்த்தாலே தெரிந்துவிடும் கோளாறுக்காக ஐந்நூறு பேரின் முதல் தடவையைச் செலவழித்துவிட்டால், அந்த ஐந்நூறு பேரையும் அதே கேள்விக்கு மறுபடி பயன்படுத்த முடியாது.

டீமுக்கு வெளியே உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி, மெஸ்ஸில் பழக்கமானவர், லாரியே ஓட்டாதவர், லாரி ஓட்டியவர் என்று கலந்து இருந்தால் நல்லது. போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் உட்காருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், திணறினாலும் சொல்லாதீர்கள். இதுதான் கஷ்டம். "அந்த பட்டனை அழுத்துங்க" என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கேமைத் தரவிறக்கும் ஒவ்வொருவரின் பக்கத்திலும் போய் உட்கார்ந்து நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

திரையை மட்டும் பார்க்காமல் விரலைப் பாருங்கள். எங்கள் பிரேக் அம்சத்தை ஒரு பாலிடெக்னிக் தம்பியிடம் கொடுத்தபோது நான்காவது வளைவிலேயே லாரி தடுப்புச் சுவரைத் தாண்டிவிட்டது. "அண்ணா, பிரேக் பிடிக்கலைங்க, பக் இருக்கு" என்றான். சூடு காட்டும் மீட்டர் திரையின் இடது கீழ் மூலையில் சிவந்துகொண்டுதான் இருந்தது. பிரேக் பட்டனும் இடது பக்கம், அதை அழுத்திய அவனது கட்டைவிரல் மீட்டரை முழுசாக மூடியிருந்தது. அவன் கடைசி வரை அப்படி ஒன்று இருப்பதையே பார்க்கவில்லை. மீட்டரை மேலே ஏற்றி, சூடேறும்போது சக்கரத்திலிருந்து புகையும் கிறீச்சென்ற சத்தமும் வரும்படி மாற்றினோம். இதே தம்பி வீட்டில் விளையாடிவிட்டு ஃபார்ம் நிரப்பியிருந்தால் "பிரேக் பக்" என்ற இரண்டு வார்த்தைதான் வந்திருக்கும், கோடில் (நிரலில்) இல்லாத பக்கைத் தேடிக்கொண்டு இருந்திருப்போம்.

முடிந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தவரிடம் நம் ஊரில் யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இறங்கும்போது என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க", "அந்த இடத்துல ஏன் நின்னீங்க?" என்று நடந்ததை மட்டும் கேளுங்கள்.

கூடவே சாதனங்களையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் உள்ள அறையில், குறைந்த விலை போனில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். போன் சூடேறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைக்கும், ஃப்ரேம் விழும் (திரையில் படம் திக்கும்), பிரேக் தாமதமாகப் பிடிப்பது போலத் தெரியும். உங்கள் அம்சத்தைப் பற்றிய புகாரும் போனின் சூட்டைப் பற்றிய புகாரும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதால் இரண்டையும் முன்கூட்டியே பிரித்துத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேம் சர்வரோடு பேசுகிறது என்றால் ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கீழிருந்து மேல் வரை விளையாடுங்கள். மலைப்பாதையில் சிக்னல் போய்ப் போய் வரும். அறுந்த தொடர்பு திரும்பும்போது லாரி எங்கே நிற்கிறது, ஸ்கோர் இரட்டிப்பாகிறதா, சேவ் போகிறதா என்பதை ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது.

3. திரும்பி வருவதற்கு வழி வையுங்கள்

அம்சம் முழுவதையும் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வையுங்கள், சர்வரிலிருந்து அணைக்கிற மாதிரி. சின்ன டீம்கள் பெரும்பாலும் கூகுளின் ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக் வைத்து இதைச் செய்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். புது மதிப்பைக் கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி இயல்பாக 12 மணி நேரம். அதை மாற்றாமல் விட்டால், காலையில் நீங்கள் அணைத்த சுவிட்ச் சில போன்களில் ராத்திரிதான் அணையும். டெஸ்ட் பில்டில் இடைவெளியைக் குறைத்து வையுங்கள், அதோடு ஒருமுறையாவது நிஜமாக அணைத்துப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் பழைய பில்டுக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்திருப்பவர்களுக்கு: முடியாது. அதிக வெர்ஷன் கோடு (ஒவ்வொரு பில்டுக்கும் தரும் எண்) உள்ள பில்டை வாங்கிய போனுக்குக் குறைந்த கோடு உள்ள பில்டை பிளே ஸ்டோர் அனுப்பாது. பழைய நிரலையே புது எண் கொடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். அந்தப் பில்டைத் தயாராகக் கட்டி வைத்துவிட்டு டெஸ்டைத் திறங்கள்.

சேவ் ஃபைல் இன்னும் முக்கியம். டெஸ்ட் பில்டில் விளையாடிய சேவ் பழைய பில்டில் திறக்காமல் போனால், உங்கள் மேல் நம்பிக்கை வைத்து வந்தவரின் மாதக்கணக்கான உழைப்பை அழித்தவர் ஆவீர்கள். பெரிய கம்பெனிகளே இதில் ரிஸ்க் எடுப்பதில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் டெஸ்ட் சர்வருக்குக் கேரக்டரின் நகல்தான் போகும், அங்கே சம்பாதித்தது எதுவும் நிஜ சர்வருக்குத் திரும்பாது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஸ்னாப்ஷாட் (சோதனைப் பதிப்பு) விளையாடுபவர்களிடம் தங்கள் கேம் உலகத்தை முதலில் பேக்அப் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நீங்களும் டெஸ்ட் பில்ட் முதல் தடவை திறக்கும்போதே சேவை நகலெடுத்து வேறு பெயரில் வைத்து, அந்த நகலில் மட்டும் எழுதும்படி செய்யுங்கள். பிளேயரையே பேக்அப் எடுக்கச் சொல்லிவிட்டு விடுவது போன் கேமில் வேலைக்கு ஆகாது.

4. எதை அளக்கப் போகிறீர்கள்?

முதல் படியின் கேள்விக்குப் பதில் சொல்லும் நிகழ்வுகளை மட்டும் பதிவு செய்யுங்கள். இறக்கம் தொடங்கியது, கியர் குறைத்தது, சூடு எல்லை தாண்டியது, லாரி கவிழ்ந்தது, மறுபடி முயன்றது, கேமை மூடியது. ஒவ்வொன்றோடும் பில்ட் எண், எத்தனையாவது முயற்சி, போன் மாடல், சுவிட்ச் போட்டிருந்ததா இல்லையா என்ற நான்கும் சேர்ந்து போக வேண்டும். இந்த நான்கில் ஒன்று விட்டுப் போனாலும் பின்னால் எண்களைப் பிரித்துப் பார்க்க முடியாமல் முழி பிதுங்கும்.

திறப்பதற்கு முந்தின நாள் உங்கள் போனில் ஒரு முழு இறக்கம் விளையாடி, வந்து சேர்ந்த வரிசையை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பாதி டீம்கள் இதைச் செய்யாமல் விட்டு, டெஸ்ட் முடிந்த பிறகு "கியர் குறைத்தது" பதிவே ஆகவில்லை என்று கண்டுபிடிக்கின்றன.

காண்டாக்ட், இருப்பிடம் எதையும் கேட்காதீர்கள், பிரேக்குக்கு அது எதற்கு? இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். கேம் விளையாடுகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு பேர் என்பது உங்களுக்கே தெரியும். யார் என்று அடையாளம் காட்டும் தகவலே சேகரிக்காமல் இருப்பதுதான் சின்ன டீமுக்கு நிம்மதி.

5. எந்த வாசல் வழியாக விடுவது

பிளே ஸ்டோரில் ஆப் ஏற்றும் பிளே கன்சோலில் இன்டர்னல் டெஸ்டிங் 100 பேர் வரை, குளோஸ்டு டெஸ்டிங் நீங்கள் சேர்க்கும் மின்னஞ்சல் பட்டியலுக்கு, ஓபன் டெஸ்டிங் யாருக்கும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபராகத் திறந்த கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டில் இருந்தால்தான் புரொடக்ஷனுக்கு (எல்லோருக்குமான நிஜ வெளியீட்டுக்கு) விண்ணப்பிக்கவே முடியும், ஓபன் டெஸ்டிங்கும் அதன் பிறகுதான். பெயருக்கு 12 பேரை வாட்ஸ்அப் குரூப்பில் பிடித்துப் போட்டு நாளைக் கடத்தாமல், அந்த 14 நாளையே நிஜ டெஸ்டாக நடத்துங்கள்.

ஐபோன் என்றால் ஆப்பிளின் டெஸ்ட் வசதியான டெஸ்ட்ஃப்ளைட். வெளியாட்கள் 10,000 பேர் வரை, பில்ட் 90 நாளில் காலாவதி. வெளியாட்களுக்கு அனுப்பும் முதல் பில்டை ஆப்பிள் பரிசீலிக்கும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமில் பிளேடெஸ்ட் என்று தனி வசதி இருக்கிறது. அது தனி ஆப் எண்ணில் ஓடும், உங்கள் கேமின் விமர்சனங்களையோ விஷ்லிஸ்ட்டையோ தொடாது, கேட்டு வருபவர்களை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடலாம்.

எந்த வாசலாக இருந்தாலும் சரி, நிஜ புரொடக்ஷன் அப்டேட்டில் ஒளித்து வைத்து டெஸ்ட் செய்யாதீர்கள். டெஸ்டிங் ட்ராக்கில் வரும் கருத்து உங்களுக்கு மட்டும்தான் தெரியும், புரொடக்ஷனில் விழும் ஒற்றை ஸ்டார் ஊருக்கே தெரியும்.

6. யாரை, எப்போது

பழைய பிளேயர், புது பிளேயர் இரண்டு கூட்டத்தையும் முதல் நாளே பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழையவருக்கு பிரேக்கை அழுத்தியே இறங்கிப் பழக்கம், அதனால் முதல் மூன்று நாள் கோபமாகத்தான் இருப்பார். புதியவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இருவரின் எண்ணையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேரின் கதையும் தெரியாது.

ஒரே நாளில் எல்லோரையும் உள்ளே விடாதீர்கள். முதலில் ஒரு சிறு பகுதி, இரண்டு நாள் கழித்து அடுத்த பகுதி. முதல் பகுதியினரிடம் தட்டுப்படும் கோளாறைச் சரிசெய்த பிறகும் உங்களிடம் அம்சத்தையே பார்க்காத ஆட்கள் மிச்சம் இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறக்காதீர்கள். செமஸ்டர் பரீட்சை நேரம், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரம் இதெல்லாமும் வேண்டாம், பிளேயரும் இருக்க மாட்டார், நீங்களும் இருக்க மாட்டீர்கள். செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது, ஏதாவது உடைந்தால் சரிசெய்ய டீம் விழித்திருக்கும்.

7. அழைப்பில் என்ன எழுதுவது

நான்கு விஷயம் போதும்: என்ன மாறியிருக்கிறது, எது இன்னும் அரைகுறை, சேவ் என்ன ஆகும், எப்போது முடியும். இப்படி:

"மலைப்பாதை இறக்கத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். மூன்று தடவையாவது இறங்கிப் பாருங்கள். சத்தங்கள் இன்னும் முடியவில்லை, அதைப் பற்றி எழுத வேண்டாம். உங்கள் பழைய சேவ் பத்திரமாக இருக்கும், ஆனால் இந்த டெஸ்டில் சம்பாதிக்கும் காசு திரும்ப வராது. 21ஆம் தேதி மாலை மூடுகிறோம். இந்த அம்சம் கேமில் வருமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை."

பிரேக் சூடாகும், கியரைக் குறையுங்கள் என்று இதில் எழுதவில்லை பாருங்கள். எழுதினால் நம் கேள்விக்கு நாமே பதிலைச் சொல்லிக்கொடுத்த மாதிரி. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "விரைவில் வருகிறது" என்று சொல்லிவிட்டுப் பிறகு எடுத்தால் ஏமாற்றிவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள்.

8. திறந்த முதல் இரண்டு நாள்

க்ராஷ் (கேம் தானாக மூடிக்கொள்வது) இருக்கிறதா, சேவ் அழிகிறதா, பதிவுகள் வந்து சேர்கின்றனவா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். சேவ் அழிகிறது என்று ஒரே ஒருவர் சொன்னாலும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் விசாரியுங்கள்.

கேம்ப்ளேயை மட்டும் தொடாதீர்கள். முதல் நாள் கமெண்டைப் பார்த்துப் பதறி ராத்திரியே சூடேறும் வேகத்தைக் குறைத்தால், செவ்வாய்க்கிழமை பிளேயரும் வியாழக்கிழமை பிளேயரும் வேறு வேறு கேம் விளையாடியிருப்பார்கள். புதுசு என்பதற்காகவே முதல் சில நாள் எல்லோரும் அதிகம் விளையாடுவார்கள் என்பதால் அந்த நாட்களின் எண் உயரமாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரம் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான் நம்ப வேண்டும்.

9. கமெண்டைப் படிக்கும் முறை

கமெண்டை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். ஒரே ஆள் பதினைந்து தடவை எழுதியிருப்பார், அதைப் படித்ததும் ஊரே கொதிக்கிறது என்று தோன்றும்.

ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பெட்டியில் போடுங்கள்: உடைந்திருக்கிறது, புரியவில்லை, புரிந்தது ஆனால் பிடிக்கவில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவது கோடில் முடியும், இரண்டாவது காட்டும் விதத்தில் முடியும், மூன்றாவதுக்குத்தான் அம்சத்தையே யோசிக்க வேண்டும். "பிரேக் மோசம்" என்ற ஒரே வரி இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், அந்த ஆளின் பதிவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு தடவைகூடக் கியரைக் குறைக்காதவர் என்றால் புரியவில்லை. எல்லா வளைவிலும் ஒழுங்காகக் குறைத்து, விபத்தே இல்லாமல் இறங்கிவிட்டும் பிடிக்கவில்லை என்கிறார் என்றால், அவர் சொல்வதை மிகக் கவனமாகக் கேளுங்கள். அம்சத்தை முழுசாக அனுபவித்துவிட்டுப் பேசுகிறவர் அவர்.

பிளேயர் சொல்லும் தீர்வை அப்படியே செய்யாதீர்கள், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வலியை விட்டுவிடாதீர்கள். "பிரேக் பவரைக் கூட்டுங்க" என்று பலர் கேட்டார்கள் என்றால், இறங்கும்போது கட்டுப்பாடு தங்கள் கையில் இல்லை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. பவரைக் கூட்டினால் அம்சமே அர்த்தமில்லாமல் போகும். கியர் பட்டனைப் பெரிதாக்கினாலே அந்தக் கட்டுப்பாடு கைக்கு வந்துவிடலாம்.

ஒன்றும் எழுதாமல் போனவர்களைத் தேடுங்கள். ஒரே தடவை இறங்கி, கவிழ்ந்து, கேமை மூடிவிட்டு வராதவர் எந்த ஃபார்மையும் நிரப்பப் போவதில்லை. அவர் பதிவு மட்டும்தான் சாட்சி. எந்த வளைவில் மூடினார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு இடங்களில் குவிந்திருக்கும், அங்கேதான் வேலை இருக்கிறது.

10. மாற்றி, மறுபடி டெஸ்ட்

ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம். அதே கேள்வி, அதே எல்லை, அம்சத்தை இதுவரை பார்க்காத புது ஆட்கள். முதல் சுற்றில் கற்றுக்கொண்டவர்களையே மறுபடி கேட்டால் இந்தத் தடவை எல்லோரும் பாஸ், ஆனால் அது உங்கள் மாற்றத்தால் இல்லை.

எத்தனை சுற்று என்று முதலிலேயே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல யோசனையாகத் தெரிந்த ஒன்று வரம்புக்குள் தேறவில்லை என்றால் எடுத்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள், கோடு எங்கும் ஓடிவிடாது.

11. மூடுவதும் வெளியிடுவதும்

சொன்ன தேதியில் மூடுங்கள். என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, என்ன முடிவு என்று ஐந்தாறு வரியில் வந்தவர்கள் எல்லோருக்கும் எழுதுங்கள், அம்சத்தை எடுத்துவிட்டாலும் எழுதுங்கள். அடுத்த டெஸ்டுக்கு இவர்கள் வருவார்களா என்பது இந்த ஐந்தாறு வரியில் இருக்கிறது.

அம்சம் தேறிவிட்டால் புரொடக்ஷனில் ஒரே அடியாக விடாமல் படிப்படியாக விடுங்கள், முதலில் 5 சதவீதம், இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு 20, பிறகு மீதி. பயனர் கண்ணில் படும் க்ராஷ் 1.09 சதவீதத்தைத் தாண்டினால் பிளே ஸ்டோர் அந்த கேமை மற்றவர்களுக்குக் காட்டுவதையே குறைக்கலாம், அதனால் ஒவ்வொரு படியிலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டே அடுத்ததற்கு ஏறுங்கள்.

சுவிட்சை வெளியீட்டு நாளிலேயே கோடிலிருந்து நீக்க வேண்டாம், ஒன்றிரண்டு அப்டேட் தாண்டட்டும். அதன் பிறகு கட்டாயம் நீக்கிவிடுங்கள். பழைய சுவிட்சுகள் அப்படியே தங்கிவிட்டால், அடுத்த அம்சத்தை டெஸ்ட் செய்யும்போது எந்த பிளேயர் எந்தக் கலவையில் விளையாடினார் என்றே பிரிக்க முடியாது.